ஆணி அடிக்கக் கூடாத வாடகை வீட்டை நம் வீடாக்குவது எப்படி?

இரண்டாம் மாடி (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவரிசையின் இரண்டாம் மாடியில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அம்மாவும் தம்பியும் நானுமாக எட்டு மாதங்களாகக் குடியிருக்கிறோம். அதற்குமுன் நாங்கள் இருந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில். அம்மா பிறந்து வளர்ந்ததும், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனதும், எங்களைப் பெற்றதும் அங்கேதான். தோட்டம் கைமாறி, பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்ச் செம்பனை நட்ட பிறகும் சில ஆண்டுகள் எங்களை இருக்க விட்டார்கள்; பிறகு லயத்தை இடிப்பதற்கு ஒரு தேதியைக் குறித்தார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை என்பதால் இங்கே நீட்டவில்லை. இந்த வாடகை வீட்டை எப்படி அலங்கரிப்பது என்று கேட்கவே வந்திருக்கிறேன்.

கூடம் 12 அடிக்கு 10 அடி. இரண்டு சிறிய அறைகளும், ஓர் ஆள் மட்டும் நின்று சமைக்கக்கூடிய அடுப்படியும் உண்டு. கூடத்தில் ஒரே சன்னல், அதுவும் மேற்குப் பார்த்தது; கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் பழைய வகை, உள்பக்கம் இரும்புக் கிராதி. பிற்பகல் 2 மணிக்குமேல் வெயில் நேராக நாற்காலியின்மேல் விழும். மழை பிடித்துக்கொண்டால் சாரலும் அதே வழியாக உள்ளே வரும். சுவர் முழுவதும் வெளிர் மஞ்சள். கூரையில் ஒரு நீண்ட வெள்ளைக் குழல் விளக்கு, அவ்வளவுதான் வெளிச்சம்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும் தண்ணீர், மின்சாரத்திற்கு அரை மாத வாடகையையும் வாங்கிக்கொண்ட அன்றே, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, சாயம் பூசக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அதனால் பசையுள்ள கொக்கிகளை வாங்கி, தாத்தாவும் பாட்டியும் லயத்து வாசலில் நிற்கும் படத்தைத் தொங்கவிட்டேன். மூன்றாம் வாரம், விடியற்காலையில், படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது. கொக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பசை அப்படியே இருந்தது. அதன்மேல் மஞ்சள் சாயம் மெல்லிய தோலாக, முழுச் சதுரமாக உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. சுவரில் இப்போது அதே அளவில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிகிறது.

லயத்திலிருந்து கொண்டுவந்த பொருள்கள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு, தாத்தாவின் இரண்டு கைலிகள், பாட்டி வேலைக்காட்டுக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டி, தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா வாங்கிய பங்குப் பத்திரம், பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள் 11. மங்குகளைக் கூடத்தில் வரிசையாக வைக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவிடம் சொன்னபோது, "நிரை நிரையாக மங்கு துடைத்த விரல் இது. வீட்டிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதே அம்மாதான், சென்ற மாதம் அத்தை வந்திருந்தபோது, இந்த வீடு யார் வீட்டிலோ வந்து தங்கியிருப்பது போலவே இருக்கிறது என்றும் சொன்னார்.

சுவரைத் தொடாமல், முன்பணத்தை இழக்காமல், அதிகச் செலவும் இல்லாமல் இந்தக் கூடத்தை எங்கள் கூடமாக்குவது எப்படி? தோட்டத்துப் பொருள்களை வைப்பது சரியா? 500 ரிங்கிட்வரை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வாடகைக்காரன் (தைப்பிங்)

வணக்கம் சகோதரி. பதினைந்து ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்த வெள்ளைச் சதுரத்தை இன்றே படம் எடுத்து வீட்டுக்காரருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுங்கள். சரிசெய்ய எந்தச் சாயம், எந்த எண் என்று கேளுங்கள். காலி செய்யும் நாளில் அவரே கண்டுபிடித்தால் அது சேதம். இன்று நீங்களே சொன்னால் ஒரு செய்தி. வீட்டின் மற்ற பகுதிகளில் ஏற்கெனவே உள்ள விரிசல், ஈரக்கறை ஆகியவற்றையும் அதே நாளில் படம் எடுத்து அனுப்பி வையுங்கள். அந்தப் பேச்சு நல்லபடியாக முடிந்தால், நடுச்சுவரில் இரண்டே துளைகள் போட அனுமதி கேட்டுப் பாருங்கள். ஆணி கூடாது என்று சொல்லும் வீட்டுக்காரர்களில் பலர் முன்பு குடியிருந்தவர் சுத்தியலால் பூச்சைப் பெயர்த்ததைக் கண்டு பயந்தவர்கள். துளைக்கருவியால் சிறு துளை போட்டு, போகும்போது பூச்சுமாவு வைத்து அடைத்து, தேய்த்து, அதே சாயம் பூசித் தருகிறேன் என்று விளக்கமாக எழுதினால் என்னுடைய மூன்று வீட்டுக்காரர்கள் சம்மதித்தார்கள். நான்காமவர் மறுத்தார், அங்கே துளை போடவில்லை.

கொக்கி விழுந்ததற்குக் காரணம் பசை அன்று, சுவர். பழைய சுவரில் சாயத்தின் அடியில் மாவு போன்ற தூசிப் படலம் இருந்தால், பசை சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், சாயம் சுவரைப் பிடிக்காது. ஒட்டுநாடாவில் ஒரு துண்டை மறைவான இடத்தில் அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். சாயம் உரிந்து வந்தால் அந்த வீட்டில் எந்தச் சுவரிலும் கொக்கியை நம்ப வேண்டாம். அடுப்படி ஓடு, கண்ணாடி, வழவழப்பான அலமாரிக் கதவு ஆகியவற்றில் தாராளமாக ஒட்டலாம். அங்கும் ஆல்கஹாலால் துடைத்து, 30 வினாடி அழுத்தி, ஒரு மணி நேரம் கழித்தே பாரத்தை மாட்ட வேண்டும். நீளமான பசைவார் உள்ள வகையாக இருந்தால், எடுக்கும்போது வாரை நம்மை நோக்கி இழுக்காமல், சுவரோடு ஒட்டியவாறு மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் சன்னல் முழுவதும் இரும்புக் கிராதி இருக்கிறதே, அதை மறந்துவிட்டீர்கள். வாசலிலும் இரும்புக் கதவு இருக்கும் என்று நினைக்கிறேன். எஸ் வடிவக் கம்பிகளைக் கொண்டு கிராதியில் எதையும் தொங்கவிடலாம். சிறிய படங்களைக் காந்தத்தால் நிறுத்தலாம். மங்குகளில் தண்ணீர் ஊற்றி மணிபிளாண்ட் கொடியைப் போட்டுக் கிராதி ஓரமாக வரிசையாக வைத்தால் மிக அழகாக இருக்கும்.

ஆயினும், 500 ரிங்கிட்டில் முதல் 100 ரிங்கிட்டை வெளிச்சத்திற்குச் செலவிடுங்கள் என்பேன். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. கடைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் அது பொருந்தும். இரவில் கூடத்தில் அமர்ந்திருப்பவர் முகத்தை அது வெளிற வைத்துவிடும். குழல் விளக்கைக் கழற்ற வேண்டாம். 2700 முதல் 3000 கெல்வின்வரை உள்ள மஞ்சள் வெளிச்ச விளக்குகள் இரண்டை, 7 அல்லது 9 வாட் போதும், தனியாக வாங்குங்கள். ஒன்றை அம்மாவின் நாற்காலியருகே, உட்கார்ந்தால் குமிழ் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். மற்றொன்றை எதிர்மூலையில் சுவரைப் பார்த்து வையுங்கள். உங்கள் வீட்டு மஞ்சள் சுவர் இரவில் வேறு நிறமாகத் தெரியும். மலேசியத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் முத்திரை உள்ள மூன்றுமுனைச் செருகியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு நீட்டிப்புக் கம்பியில் இன்னொன்றைச் செருகாதீர்கள்.

பழைய லயத்துக்காரி (கோலகங்சார்)

அன்புத் தங்கைக்கு. விளக்கைப் பற்றி மேலே எழுதியிருப்பதை அப்படியே ஏற்கிறேன். மங்கில் கொடி வளர்ப்பதைப் பற்றி மட்டும் அவரோடு உடன்பட முடியவில்லை.

நானும் பதினாறு வயதில் பால்வெட்டுக்குப் போனவள். இருட்டோடு எழுந்து, பெரட்டில் (காலை ஆள்கணக்கில்) பேர் கொடுத்து, மரத்துக்கு மரம் மங்கில் உறைந்த பழைய பாலைப் பிடுங்கி எடுத்து, துடைத்து, திரும்ப வைத்து, பட்டையில் கோடு வெட்டிவிட்டு அடுத்த மரத்திற்கு ஓட வேண்டும். காலையில் மழை வந்து பாலைக் கொண்டுபோனால் அன்றைய உழைப்பு போயிற்று. அந்த மங்கு இப்போது ஈப்போ பக்கம் காப்பிக் கடைகளில் அலங்காரப் பொருளாகிவிட்டது. வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது நினைவு. துடைத்தவர்களுக்கு அது இன்னும் வேலையாகவே கையில் இருக்கிறது. உங்கள் அம்மா எழுந்து போனதே பதில். பாட்டியின் பொருளுக்கு நீங்களும் உரியவர்தான், ஆனால் கூடத்தில் நாள் முழுவதும் இருக்கப்போகிறவர் அம்மா.

அதனால் அவரிடம் எதை வைக்கலாம் என்று கேட்காதீர்கள். லயத்து வீட்டில் எந்த இடம் பிடித்திருந்தது, எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்திருப்பார், எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று கேளுங்கள். பொருளைக் கேட்டால் "எதையாவது வை" என்பார்கள். இடத்தைக் கேட்டால் பேசுவார்கள். என் வீட்டில் நான் கண்டது இது.

தாத்தாவின் கைலிகளைப் பெட்டியிலிருந்து இன்றே எடுங்கள். கட்டம்போட்ட அந்தக் கைலியை மலாய்க்காரர்கள் 'காயின் பெலிக்காட்' என்பார்கள். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை, சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு. அந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணியென்பதால் ஊர்ப்பெயரே துணிக்குப் பெயராகிவிட்டது. தாத்தாவைப் போலவே கடல் தாண்டி வந்து இங்கே ஊன்றிக்கொண்ட துணி அது. அதைவிட உரிமையான திரைச்சீலை உங்கள் வீட்டிற்குக் கிடையாது. வெட்டவும் வேண்டாம், தைக்கவும் வேண்டாம். கைலி மூட்டியே இருக்கிறது அல்லவா? சன்னல் பள்ளத்திற்குள் இரு பக்கச் சுவரையும் அழுத்திக்கொண்டு நிற்கும் சுருள்வில் கம்பி இரும்புக்கடையில் கிடைக்கும். அந்தக் கம்பியைக் கைலியின் உள்ளே நுழைத்து மாட்டிவிடுங்கள். கைலியின் உயரம் திரையின் அகலமாகும். ஏறத்தாழ 4 அடி அகலத்திற்கு, 3 அடிக்குச் சற்று மேல் இறங்கும். துணி இரட்டையாக இருப்பதால் மேற்கு வெயிலையும் தாங்கும். கனத்த துணியென்றால் அந்தக் கம்பி வழுக்கும், கைலிக்கு அது போதும்.

சாமி மேடையைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. குத்துவிளக்கு பெட்டியில் இருப்பதாகச் சொன்னதால் இதைச் சேர்க்கிறேன். ஆணி அடிக்க முடியாத வீட்டில் சுவர்ப்பலகை மேடை வேண்டாம். இடுப்புயர அலமாரி ஒன்றையே மேடையாக்கி, பின்னால் பெரிய தரை ஓடு ஒன்றையோ துருப்பிடிக்காத எஃகுத் தகட்டையோ நிறுத்துங்கள். சூடமும் எண்ணெய்த் திரியும் ஆறு மாதத்தில் சுவரைக் கரியாக்கிவிடும். என் முன்பணத்தில் ஒரு பகுதி அப்படித்தான் போனது. திரைச்சீலைக்கு அருகிலும் மின்விசிறிக்கு நேர் கீழும் மேடை இருக்கக் கூடாது.

ஏதாவது ஒன்று புதிதாக வாங்க வேண்டும் என்றால், எங்கள் ஊர்ப் பக்கம் வந்து ஒரு லாபு சாயோங் வாங்குங்கள். ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் செய்யும் சுரைக்காய் வடிவக் குடுவை அது. சுட்ட சூட்டோடு உமியில் புதைத்துக் கறுப்பாக்குவார்கள். அதில் வைத்த தண்ணீர் குளிர்ந்திருக்கும். மஞ்சள் சுவரின் முன் அந்தக் கறுப்பு நன்றாக எடுத்துக் காட்டும். ஒன்று போதும்.

மரவேலை (கம்பார்)

முன்னவர்கள் சொன்னவற்றைத் திரும்பச் சொல்லாமல், படத்தையும் பத்திரத்தையும் மாட்டும் சிக்கலுக்கு மட்டும் வழி சொல்கிறேன். ஆணியைச் சுவரில் அடிக்க முடியாவிட்டால், நம்முடைய பலகையில் அடித்துக்கொள்ளலாம்.

ஒட்டுப்பலகை (பிளைவுட்) 8 அடிக்கு 4 அடி அளவில் விற்கப்படும். 9 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றை வாங்கி, கடையிலேயே 4 அடிச் சதுரங்களாக இரண்டாக அறுத்துத் தரச் சொல்லுங்கள். கடைவீட்டு மாடிப்படி குறுகலாக இருக்கும், முழுப் பலகை திரும்பாது. கூடத்தில் இடுப்புக்குக் கீழான உயரத்தில் ஓர் அலமாரியை வையுங்கள். இரண்டரை அடி உயரம், ஆறடிக்குக் குறையாத நீளம் இருந்தால் நல்லது. அலமாரியின் முதுகில் தரையிலிருந்து ஆறரை அடிவரை எழும் மூன்று கட்டைகளைத் திருகாணியால் முடுக்கி, அலமாரியின் மேல்விளிம்பிலிருந்து மேலே பலகைகளைக் கட்டைகளில் பொருத்துங்கள். அலமாரியின் அடித்தட்டில் அரிசி, புத்தகம் போன்ற கனமான பொருள்களை வைத்தால் சாயாது. ஆனாலும் சுவரை ஒட்டியே நிறுத்த வேண்டும். கட்டையின் கனம் அளவுக்குச் சுவருக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அது காற்றோட்டத்திற்கு அவசியம்.

இந்தப் பலகைக்கு எந்தச் சாயமும் பூசலாம், எத்தனை ஆணியும் அடிக்கலாம். ஒரு லிட்டர் சாயம் ஒரு பூச்சுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர்வரை வரும். உங்கள் பலகை இரண்டும் சேர்ந்து 3 சதுர மீட்டர்தான், ஆகவே ஒரு லிட்டர் டின்னில் இரண்டு பூச்சும் முடிந்து மீதியிருக்கும். வீடு மாறும்போது சுவரைக் கழற்றி எடுத்துப் போவது போல இதைக் கழற்றி எடுத்துப் போகலாம்.

அலமாரியைப் பழைய தளவாடக் கடையில் தேடுங்கள். தேடும்போது கீழே குனிந்து, சாயம் படாத அடிப்பகுதியைப் பாருங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில், குறுகிய கோடு கோடான நரம்புகளோடு இருந்தால் பெரும்பாலும் அது ரப்பர் மரம். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் விறகாக்கினார்கள். இப்போது அறுத்தவுடன் போரான் மருந்தேற்றி, சூளையில் உலர்த்தி மேசை நாற்காலி செய்கிறார்கள். மருந்தேற்றாவிட்டால் பூஞ்சையும் துளைப்பூச்சியும் சீக்கிரம் பிடித்துவிடும் மரம் அது. 1877இல் கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளோடு நம் பேராக்கிற்கு வந்த மரம்; உங்கள் பாட்டி கோடு வெட்டிய மரமும் அதே இனம். தோட்டத்தை நினைவூட்டும் பொருள் வேண்டுமென்றால், அம்மாவின் மனத்தை உறுத்தாமல் அந்த அலமாரியே கூடத்தில் நிற்கட்டும்.

பங்குப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கூட்டுறவுச் சங்கம் 1960இல், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், உங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கியது. பால்வெட்டுக் கூலியிலிருந்து மாதாமாதம் எடுத்துக் கட்டிய பணத்தின் சான்று அந்தக் காகிதம். மூலத்தை மேற்கு வெயில் படும் கூடத்தில் மாட்டாதீர்கள், எழுத்து மங்கிவிடும். நல்ல கடையில் வண்ணப்படி எடுத்து அதைச் சட்டம்போட்டு மாட்டுங்கள். மூலத்தை அமிலமற்ற காகித உறையில் இட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் தட்டையாக வையுங்கள். நெகிழி உறையில் இட்டுச் சூட்டால் ஒட்டிவிடும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது.

சுகாதாரப் பணியாளர் (ஈப்போ)

மங்கில் தண்ணீர் ஊற்றிக் கொடி வளர்க்கும் யோசனையைப் பற்றி மட்டும். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த, தேங்கிய தண்ணீரில் முட்டையிடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். யார் அப்படி வளர்த்தாலும் ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பீங்கானில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. சோதனைக்கு வருபவர்கள் கூடத்துக்குள்ளும் பார்ப்பார்கள். 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி அபராதம் விதிக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு, வாடகைக்கு இருப்பவர் என்பதால் விலக்குக் கிடையாது. மங்கின் அடியில் துளை இல்லை என்பதால் மண் போட்டு வளர்த்தாலும் வேர் அழுகும்.

இரண்டாம் மாடி (சுங்கை சிப்புட்)

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஏழு வாரங்களுக்குப் பிறகு, நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

கோலகங்சார் அக்கா சொன்னபடியே அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவராகவே சொன்னார்: வேலை முடிந்து குளித்த பிறகு, பிற்பகலில், லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே செம்மண் சாலையில் போகிறவர் வருகிறவரைப் பார்த்திருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் தமக்குப் பிடித்தது என்று. இந்த வீட்டில் வாசல் இருட்டான நடைபாதையில் திறக்கிறது, சன்னலோ நாற்காலியில் அமர்ந்தால் எட்டாத உயரத்தில் இருக்கிறது. எட்டு மாதமாக அம்மா தெருவையே பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அதனால் முதலில் செய்தது ஒரு பெஞ்சு. தம்பியும் அவன் நண்பனும் சேர்ந்து, சன்னலுக்கடியில் இரண்டு படி உயரத்தில் அகலமான மேடைபோல ஒன்றைச் செய்தார்கள்; சுவரில் எங்கும் முடுக்கவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் கீழே பேருந்து திரும்பும் முனைவரை தெரியும். கைலித் திரையைப் பாதிக்கு ஒதுக்கிவிட்டு, தெரு விளக்குப் போடும்வரை அங்கேதான் இருக்கிறார். மெங்குவாங் எனும் தாழையோலைப் பாயைத் துண்டாக மடித்து உட்காரும் இடத்தில் விரித்திருக்கிறோம்.

பலகைக்கு என்ன நிறம் பூசலாம் என்றபோதும் அம்மாவே சொன்னார். தீபாவளிக்கு லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கையில், துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலப்பார்களாம். கடையில் வண்ண அட்டையைக் காட்டினால் அம்மா ஒவ்வொன்றையும் பார்த்து, "இதில்லை, இது பள்ளிக்கூடத்து நீலம்" என்று ஒதுக்கிக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் வெள்ளையென்றே சொல்லத்தக்க ஒன்றில் விரலை வைத்தார். பூசி முடித்து, மஞ்சள் விளக்கை அதன்மேல் விழவிட்ட இரவு, தம்பி சாப்பிடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பலகையில் இப்போது புதிய கண்ணாடி போட்ட தாத்தா பாட்டி படமும் பத்திரத்தின் படியும் மட்டுமே இருக்கின்றன. அலமாரி உண்மையாகவே ரப்பர் மரம்; குனிந்து பார்த்துத்தான் வாங்கினேன். குத்துவிளக்கை அதன் ஓரத்தில், எஃகுத் தகட்டுக்கு முன் வைத்தாயிற்று. லாபு சாயோங்கை இன்னும் வாங்கவில்லை. செலவு 460 ரிங்கிட் ஆயிற்று. அதில் அலமாரிக்கே 180.

மங்குகளை அம்மா இன்றும் கூடத்தில் வைக்க விடவில்லை, நானும் கேட்கவில்லை. பத்தைக் காகிதத்தில் சுற்றி என் அறையில் வைத்திருக்கிறேன். ஒன்றைத் தம்பி எடுத்துச் சில்லறைக் காசு போட வைத்துக்கொண்டான். அம்மா அதைப் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சென்ற வாரம் வாடகைக்கு வந்தபோது வெள்ளைச் சதுரத்திற்குரிய சாயத்தை ஒரு புட்டியில் கொண்டுவந்து கொடுத்தார்.

ஓர் ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கைலித் திரையில் வெயில் படும் பக்கத்துச் சிவப்புக் கட்டங்கள் ஏற்கெனவே சற்று வெளுத்தது போல் தெரிகின்றன. தாத்தாவின் துணி என்பதால் கவலையாக இருக்கிறது. உள்ளே வேறு துணி வைத்துத் தைக்க வேண்டுமா?

பழைய லயத்துக்காரி (கோலகங்சார்)

தைக்க வேண்டாம் தங்கையே. மூட்டிய கைலி கம்பியின்மேல் சுற்றும் அல்லவா? வாரம் ஒருமுறை அதைக் கையால் ஒரு சாண் நகர்த்திவிடுங்கள். ஒரே இடத்தில் வெயில் படாமல் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல நிறம் தணியும், வெளுத்த கோடு விழாது. இரண்டு கைலிகள் இருக்கின்றன என்றீர்கள். மாதத்திற்கு ஒன்றாக மாற்றி மாட்டுங்கள். துவைக்கும்போது மற்றத் துணியோடு சேர்க்காமல் பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் நிழலில் போடுங்கள். லாபு சாயோங் வாங்க வரும்போது அம்மாவையும் அழைத்து வாருங்கள்.